ஐலெட்: ஓட்டைக்கு ஏன் ஒரு வளையம்?

பேனர் அச்சடிக்கும் கடையில் "ஐலெட் அடிக்கணுமா?" என்று கேட்பார்கள். திரைச்சீலைக் கடையில் "ஐலெட் மாடலா, ஹூக் மாடலா?" என்பார்கள். துணிக்கடையில் "ஐலெட் காட்டன்" என்று ஒரு துணியை விரித்துக் காட்டுவார்கள். ஷூ வாங்கப் போனால் அங்கேயும் இந்தச் சொல் வரும். எல்லா இடத்திலும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்களா என்ற குழப்பம் உங்களுக்கு வந்திருக்கலாம்.

ஒரே பொருள்தான். துணி, தோல், தாள், பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பொருளில் போட்ட சிறு துளை. அதன் விளிம்பு கிழியாமலும் பிரியாமலும் இருக்க உலோகத்தாலோ நூலாலோ பலப்படுத்தியிருக்கும். அதுதான் ஐலெட். வெறும் ஓட்டையை ஐலெட் என்று சொல்ல முடியாது. விளிம்புக்குக் காவல் இருந்தால்தான் அந்தப் பெயர்.

ஒரு சின்னக் குழப்பத்தை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். துளைக்கும் ஐலெட் என்று பெயர், துளையில் பொருத்தும் வளையத்துக்கும் ஐலெட் என்று பெயர். "எட்டு ஐலெட் உள்ள பூட்ஸ்" என்றால் அங்கே துளையின் கணக்கு. "நூறு ஐலெட் கொடுங்க" என்று கடையில் கேட்டால் உங்கள் கையில் வருவது வளையங்கள்.

சொல் எங்கிருந்து வந்தது? பழைய பிரெஞ்சு மொழியில் 'சின்னக் கண்' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஐரோப்பியக் கோட்டைகளின் சுவரில் அம்பு எய்வதற்கு விட்ட சிறு துளைக்கும் ஒரு காலத்தில் இதே பெயர் வழங்கியது. ஆடைக்கும் காலணிக்கும் உரிய பொருள்தான் இன்று நிலைத்திருக்கிறது.

ஓட்டை போட்டால் போதாதா, வளையம் எதற்கு? இது நியாயமான கேள்வி. அலுவலகக் கோப்பில் டேக் கோத்த தாள்களைப் பாருங்கள். நாலு முறை புரட்டிய பிறகு எங்கே கிழிகிறது? துளையில்தான். தாளின் மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கும்.

காரணம் இதுதான். ஒரு பொருளைப் பிடித்து இழுக்கும்போது அந்த இழுப்பு பொருள் முழுக்கப் பரவிச் செல்கிறது. நடுவில் துளை வந்தால் இழுப்பு துளையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது. விளிம்பில் நெரிசல் ஏற்படுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அகலமான ஒரு தகட்டில் வட்டத் துளை இருந்து, தகட்டை இரு பக்கமும் இழுத்தால், துளையின் விளிம்பில் தகைவு (பொருளின் உள்ளே ஓரிடம் தாங்கும் விசையின் அளவு) மற்ற இடத்தைப் போல் மூன்று மடங்கு இருக்கும். துணியும் பிளாஸ்டிக்கும் தகட்டைப் போல நடந்துகொள்வதில்லை என்றாலும், கிழிசல் துளையில் தொடங்குவது எதிலும் மாறாது.

துளையில் கயிறு கோத்து இழுத்தால் நிலைமை இன்னும் மோசம். கயிறு துளையின் ஒரு பக்கத்தை மட்டும்தான் அழுத்தும். மொத்த பாரமும் அந்த நாலைந்து இழைகளின் மேல் விழும். போதாததற்குக் காற்றில் கயிறு முன்னும் பின்னும் அசைந்து அந்த இழைகளை அறுக்கும்.

வளையம் இரண்டு வேலை செய்கிறது. கயிற்றின் அழுத்தத்தை வாங்கிச் சுற்றியுள்ள துணி முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. கயிறு துணியில் உரசாமல் தன் மேல் உரசும்படி வைத்துக்கொள்கிறது. பாரத்தைத் தாங்குவது கடைசியில் துணிதான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால், ஐலெட் உள்ள எந்தப் பொருளை வாங்கும்போதும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்: வளையம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்த வளையம் கவ்விப் பிடித்திருக்கும் துணி எத்தனை மடிப்பு என்று பாருங்கள்.

உலோகம் வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? நூலால் தைத்தார்கள். குத்தூசியால் துணியின் இழைகளை அறுக்காமல் விலக்கித் துளை உண்டாக்கி, சுற்றிலும் நெருக்கமாகத் தைப்பார்கள். இழை ஒன்றுகூட அறுபடாததால் துணியின் பலம் குறையாது. உலோக ஐலெட் 1820களில் இங்கிலாந்தில் வந்தது. இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் உள்ளாடையை முன்னைவிடப் பலமாக இழுத்துக் கட்ட அது வழிசெய்தது. ஆனாலும் நல்ல கைத்தையல் ஐலெட்டைத் தேர்ந்த தையல்காரர்கள் இன்றும் மதிக்கிறார்கள். என் கருத்தும் அதுதான். மெல்லிய துணியில் உலோகத்தைவிட நூல் நீண்ட நாள் உழைக்கும்.

காஜாவும் ஐலெட்டும் ஒன்றா? உறவினர்கள். தையற்கடையில் காஜா எடுப்பது என்றால் பொத்தான் நுழைய நீளமாக வெட்டி விளிம்பைத் தைப்பது. ஐலெட் வட்டமானது, கயிறோ கொக்கியோ நுழைவதற்கு. ஜீன்ஸ் இடுப்புப் பொத்தானின் காஜாவை உற்றுப் பாருங்கள்: ஒரு முனையில் மட்டும் வட்டமாக விரிந்திருக்கும். பொத்தானின் தண்டு அங்கே வந்து உட்காருவதற்காக வைத்த ஐலெட் அது.

கிராமெட் என்கிறார்களே, அது என்ன? கடைக்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். பொதுவாக ஐலெட் ஒற்றைத் துண்டு: ஒரு பக்கம் விரிந்த விளிம்பு, மறுபக்கம் குட்டைக் குழல். கிராமெட் (பெரிய, பலமான வளையம்) இரண்டு துண்டு: பின்பக்கம் தனியாக ஒரு வாஷர் வைத்து, துணியை நடுவில் கவ்வும்படி அடிப்பார்கள். பாரம் அதிகம் என்றால் வாஷர் உள்ளதையே கேளுங்கள்.

மின்வேலையில் கிராமெட் என்றால் ரப்பர் வளையம். இரும்புப் பெட்டியில் ஓட்டை போட்டு ஒயரை நுழைக்கும்போது, தகட்டின் கூரிய விளிம்பு ஒயரின் மேலுறையை நாளடைவில் அறுத்துவிடும். உள்ளிருக்கும் செம்பு தகட்டில் பட்டால் பெட்டி முழுக்க ஷாக் அடிக்கும். உங்கள் வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால், எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடச் செய்யுங்கள். மிகச் சிறிய செலவு. உயிரைக் காக்கும் வேலை.

குழந்தையின் காதில் கிராமெட் வைக்க வேண்டும் என்று காது மருத்துவர் சொன்னால் பயப்படாதீர்கள். நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும்போது, செவிப்பறையில் சிறு துளையிட்டு அது மூடிக்கொள்ளாமல் இருக்க வைக்கும் மிகச் சிறிய குழல் அது. பெரும்பாலும் 6 மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் தானாக விழுந்துவிடும்.

சர்க்கரை நோய் பற்றிப் பேசும்போது "ஐலெட் செல்" என்று கேட்டிருப்பீர்கள். அது வேறு. ஒலி ஒன்று, ஆங்கிலத்தில் எழுத்தும் பொருளும் வேறு. அங்கே 'சிறு தீவு' என்று பொருள். கணையத்தில் திட்டுத்திட்டாக இருக்கும் இந்த உயிரணுக் கூட்டங்களை 1869இல் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். இன்சுலின் சுரப்பது அவற்றில்தான். துளைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் "ஐலெட் காட்டன்"? துணி முழுக்கப் பூவும் இலையுமாகச் சிறு துளைகள் இட்டு, ஒவ்வொன்றின் விளிம்பையும் நூலால் சுற்றிப் பூவேலை செய்த துணி. நம் ஊரில் ஹக்கோபா என்று சொன்னால் சட்டென்று புரியும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இதைக் கையால் செய்தார்கள். 1863இல் ஐசக் கிரோப்லி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஷிஃப்லி என்ற பூவேலை இயந்திரத்தை உருவாக்கிய பிறகு இது மலிவானது. ஷிஃப்லி என்றால் சுவிஸ் ஜெர்மன் பேச்சில் 'சின்னப் படகு'. இயந்திரத்தின் நாடா அந்த வடிவில் இருப்பதால் வந்த பெயர்.

இந்தத் துணி வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துளையின் ஓரத்தில் இழைகள் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தால், சில சலவையில் துளை விரியத் தொடங்கும். தைக்கக் கொடுக்கும்போது லைனிங் கேளுங்கள். இழுப்பை லைனிங் வாங்கிக்கொள்ளும். இஸ்திரியைப் பின்பக்கத்தில், கீழே ஒரு துண்டு விரித்துப் போடுங்கள். முன்பக்கம் போட்டால் இஸ்திரிப் பெட்டியின் முனை துளையில் மாட்டி நூலை அறுக்கும்.

இனி ஷூ. லேஸ் துளை எத்தனை இருந்தால் என்ன என்று நினைக்கிறோம். நடக்கும்போது குதிகால் மேலே எழும்பி வழுக்குகிறதா? பல ஓட்டக் காலணிகளில் மேல்முனையில், கணுக்காலை ஒட்டி, சற்றுப் பின்தள்ளி ஒரு கூடுதல் துளை இருக்கும். பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டு ஒரு சிறு கண்ணியை உண்டாக்குங்கள். இரு பக்கமும் செய்துவிட்டு, எதிர்ப்பக்க லேஸ் முனையை அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாமல் பிடிபடும். கொப்புளம் வருவது குறையும்.

சில ஷூக்களில் துளைகள் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று வளைந்து வளைந்து இருக்கும். அழகுக்காக வைத்தது என்று நினைக்காதீர்கள். பாதம் ஒடுங்கியவர்கள் நாக்கிலிருந்து (லேஸுக்குக் கீழே உள்ள மெத்தைப் பட்டை) தள்ளியிருக்கும் துளைகளில் கோத்தால் ஷூ நன்றாக இறுகும். அகன்ற பாதம் உள்ளவர்கள் நாக்கை ஒட்டிய துளைகளில் கோத்தால் இடம் கிடைக்கும்.

பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூவில் ஐலெட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை படிகிறதே? அது துரு. மலிவான ஐலெட் இரும்பில் செய்து மேலே பூச்சுப் பூசியது. பூச்சு உரிந்ததும் துருப்பிடிக்கும். கறையில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்துக் கழுவினால் மங்கும். துவைத்த ஷூவை ஈரத்தோடு மூலையில் போடாமல் உடனே உலர்த்துவதுதான் நல்ல வழி. வளையம் கழன்று விழுந்துவிட்டால் லேஸை அப்படியே கோத்துக்கொண்டு போக விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் சில நிமிடத்தில் புதிது அடித்துத் தருவார்.

வாங்குவதற்கு முன் இரும்பா, பித்தளையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிறு காந்தம் போதும். இரும்பில் ஒட்டும், பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. கடற்கரையை ஒட்டிய ஊர்க்காரர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும், உப்புக் காற்றில் இரும்பு ஐலெட் சீக்கிரம் போய்விடும். பித்தளை பச்சை பூக்கும், ஆனால் இரும்பைப் போல அரித்துப் போகாது.

திரைச்சீலைக்கு ஐலெட் வைக்கச் சொல்லும்போது ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு திரைக்கும் ஐலெட்டின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். கம்பி ஒரு வளையத்தில் முன்னிருந்து பின்னாகவும் அடுத்ததில் பின்னிருந்து முன்னாகவும் போவதால், இரட்டைப்படையாக இருந்தால்தான் திரையின் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் அறையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சமும் கசியும். துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் மடிப்பு அழகாக விழும். வளையத்தின் உள்விட்டம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர். கம்பி 25 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் தடையில்லாமல் நகரும். மேல் மடிப்புக்குள் பக்ரம் (விறைப்புக்காக வைக்கும் பட்டை) வைத்திருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். இல்லையென்றால் வளையத்துக்கு நடுவே துணி தொங்கிவிடும்.

நம்மில் பலருக்கு ஐலெட் உண்மையிலேயே முக்கியமாவது தார்ப்பாயில்தான். நெல் காயப்போட, லாரிச் சரக்கை மூட, மழையில் ஒழுகும் கூரையைப் போர்த்த என்று எத்தனை வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளைப் புரட்டிப் போட்டபோது, ஓடும் கீற்றும் பறந்துபோன வீடுகளுக்குப் பல நாள் கூரையாக இருந்தது தார்ப்பாய். அது நிற்பதும் பறப்பதும் ஓரத்தில் உள்ள வளையங்களின் கையில் இருக்கிறது.

எல்லா வளையத்திலும் கயிறு கட்ட வேண்டுமா, நாலு மூலை போதாதா? கணக்கைப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி தார்ப்பாயின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், ஏறக்குறைய 160 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசை. நாலு மூலையில் மட்டும் கட்டியிருந்தால் ஒரு வளையத்துக்கு 40 கிலோ. சுற்றிலும் பன்னிரண்டு இடத்தில் கட்டியிருந்தால் ஒன்றுக்குச் சுமார் 13 கிலோதான். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிறு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

வாங்கும்போது எதைப் பார்க்கலாம்? ஓரத்தை மடித்து ஒட்டியிருக்க வேண்டும், அந்த மடிப்புக்குள் கயிறு ஓட வேண்டும், வளையம் மடிப்பின் மேல் விழுந்திருக்க வேண்டும். வளையம் மடிப்பைத் தாண்டி ஒற்றைப் படலத்தில் இருந்தால் அந்தத் தார்ப்பாயை வாங்காதீர்கள். வளையங்கள் பெரும்பாலும் 3 அடிக்கு ஒன்று இருக்கும். காற்று அதிகம் அடிக்கும் இடத்துக்கு இன்னும் நெருக்கமாக இருப்பது நல்லது. பேனருக்கும் இதே விதிதான்: முதலில் ஓரம் மடித்து ஒட்டச் சொல்லுங்கள், பிறகு ஐலெட், அதிலும் முதலில் நாலு மூலை.

வளையம் ஏற்கெனவே பிய்ந்துவிட்டதா? தார்ப்பாயைத் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, கூர்மையில்லாத ஒரு கூழாங்கல்லைத் தார்ப்பாயின் அடிப்பக்கம் வையுங்கள். மேல்பக்கமிருந்து தார்ப்பாயோடு கல்லைச் சேர்த்துக் குவித்துப் பிடித்து, கல்லுக்குக் கீழே உள்ள கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். துளையே இல்லாததால் கிழிய இடமில்லை. பல நேரம் பழைய வளையத்தைவிட இது பலமாகவே நிற்கும்.

வீட்டிலேயே ஐலெட் அடிக்க முடியுமா? தாராளமாக. ஹார்டுவேர் கடையில் துளைபோடும் பஞ்ச், அடியில் வைக்கும் குழிக்கட்டை, மேலே வைத்து அடிக்கும் உளி, வளையங்கள் எல்லாம் ஒரே பெட்டியாகக் கிடைக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் துளையின் அளவில்தான். துணியில் துளை, வளையத்தின் குழலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்க வேண்டும். குழலைத் திருகி நுழைக்கும்படி இறுக்கமாக இருந்தால் சரி. பெரிதாகப் போட்டுவிட்டால் எவ்வளவு பலமாக அடித்தாலும் வளையம் ஒருநாள் கழன்று வரும்.

குழலின் நீளமும் முக்கியம். துணியைத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது வெளிப்பக்கம் சுருண்டு துணியைக் கவ்வும். துணி மெல்லியது என்றால் பின்னால் இன்னொரு துணித்துண்டோ தோல்துண்டோ வைத்து அடியுங்கள். சிமெண்டுத் தரையோ கனமான மரக்கட்டையோ அடியில் இருக்கட்டும். ஆடும் மேசையில் அடித்தால் வளையம் கோணிவிடும். ஓங்கி ஒரே அடி அடிக்காமல், உளியை நேராகப் பிடித்து அளவாகச் சில அடிகள் அடியுங்கள். முடிந்ததும் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. வெடித்துக் கூராக நிற்கிறது என்றால் அது கயிற்றையும் அறுக்கும், கையையும் கிழிக்கும். பிடுங்கிவிட்டு வேறு அடியுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் தொடங்கும். பரணில் சுருட்டி வைத்த தார்ப்பாயை அதற்கு முன் ஒருநாள் பிரித்து, ஓரமெல்லாம் நடந்து ஒவ்வொரு வளையத்தையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஆடுகிற வளையத்தை அன்றே மாற்றிவிடுங்கள்.